கொல்கத்தாவில் கப்பலேறிய ஒரு பெண்: 1903-ஆம் ஆண்டின் ஒற்றைச் சீட்டிலிருந்து ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுவது எப்படி?

கொல்கத்தா: 1903-ஆம் ஆண்டு, அன்றைய கல்கத்தா துறைமுகத்தில் இருந்து 'கிளைட்' என்ற பாய்மரக் கப்பல் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரிட்டிஷ் கயானாவுக்குப் புறப்பட்டது. அதில் பயணம் செய்த தொழிலாளர்களில் ஒருவர் சுஜாரியா. வயது 27. பிராமண சாதி. பீகாரின் சப்ரா பகுதியைச் சேர்ந்தவர். நான்கு மாதக் கர்ப்பிணி. உடன் கணவர் இல்லை. அவருடைய இடது காலில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்ததையும் அதிகாரிகள் குறித்து வைத்தனர்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், அமெரிக்காவில் வளர்ந்த பத்திரிகையாளர் ஒருவர் இந்தக் குறிப்புகளைக் கண்டெடுத்தார். அவர் பெயர் கயூத்ரா பகதூர். கயானாவில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். சுஜாரியா அவருடைய கொள்ளுப்பாட்டி. அந்தத் தேடலின் விளைவாக 2013-ஆம் ஆண்டு வெளிவந்த 'கூலி வுமன்' என்ற நூல், பிரிட்டனின் ஆர்வெல் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தனிப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாறாகத் தொடங்கிய அந்நூல், ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கடல் கடந்த இந்தியப் பெண்கள் பற்றிய முக்கிய ஆய்வுகளுள் ஒன்றாக இன்று கருதப்படுகிறது.

எழுத்தறிவு இல்லாத, சொத்து இல்லாத, சொந்த ஊரில் எந்தப் பதிவும் விட்டுச் செல்லாத ஒரு பெண்ணை நூறு ஆண்டுகள் கழித்துக் கண்டறிவது எவ்வாறு சாத்தியமாயிற்று? விடை அந்நாளைய கல்கத்தாவின் குடிபெயர்வு அலுவலக நடைமுறையில் இருக்கிறது.

கல்கத்தா ஏன்?

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு உடனடியாக மாற்று ஆட்கள் தேவைப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் 'அட்லஸ்' என்ற கப்பல் 36 தொழிலாளர்களுடன் கல்கத்தாவிலிருந்து மொரிஷியஸை அடைந்தது. 1838-இல் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' ஆகிய இரு கப்பல்கள் பிரிட்டிஷ் கயானாவுக்குச் சென்றன. 1845-இல் டிரினிடாட், 1873-இல் டச்சுக் குடியேற்றமான சுரினாம், 1879-இல் பிஜி எனப் பட்டியல் நீண்டது. இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவது 1917-இல் நிறுத்தப்படும் வரை, பிரிட்டிஷ் கயானாவுக்கு மட்டும் 2,38,909 பேர் சென்றனர்.

இவர்களில் பெரும்பாலோர் இன்றைய பீகார், கிழக்கு உத்தரப் பிரதேச மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 'அர்காட்டி' என்று அழைக்கப்பட்ட ஆள்பிடி தரகர்கள் சந்தைகளிலும், கோயில் நகரங்களிலும், ரயில் நிலையங்களிலும் இவர்களைச் சந்தித்தனர். மாவட்ட அளவில் பெயர் பதிந்த பிறகு, ரயிலில் கல்கத்தாவுக்கு அழைத்து வந்து, ஹூக்ளி ஆற்றங்கரையில் கார்டன் ரீச், கிதிர்ப்பூர் பகுதிகளில் இருந்த முகாம்களில் தங்க வைத்தனர். கயானா செல்வோருக்கு 'டெமராரா' முகாம், சுரினாம் செல்வோருக்குத் தனி முகாம் என ஒவ்வொரு காலனிக்கும் தனித்தனி ஏற்பாடு இருந்தது. அந்த ஆற்றுத் துறைகளில் ஒன்று இன்றும் 'சுரினாம் காட்' என்றே அழைக்கப்படுகிறது.

முகாமில் மருத்துவச் சோதனை முடிந்து, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரி கையெழுத்திட்ட பின்னரே கப்பலில் ஏற அனுமதி. அந்தக் கையெழுத்து இடப்பட்ட தாள்தான் 'குடிபெயர்வுச் சீட்டு'.

சீட்டில் என்ன இருக்கிறது?

ஒரு நபருக்கு ஒரு சீட்டு. முகாம் எண், கப்பலின் பெயர், பயணியின் பெயர், தந்தையின் பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, காவல் நிலைய எல்லையான தாணா, கிராமம், திருமணமானவர் எனில் வாழ்க்கைத் துணையின் பெயர், நெருங்கிய உறவினர் பெயர், உயரம், உடல் அடையாளங்கள். உடல் அடையாளங்கள் குறிக்கப்பட்டதில் கருணை ஏதும் இல்லை. ஓடிப்போனால் பிடிப்பதற்கும், ஒருவருக்குப் பதில் மற்றொருவர் ஏறாமல் தடுப்பதற்குமே அவை பதியப்பட்டன. எனினும், சுஜாரியாவின் காலில் இருந்த தழும்பைக் கொள்ளுப்பேத்தி அறிந்துகொள்ள அந்தக் கண்காணிப்பே வழி செய்தது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். வட இந்தியாவில் வம்சாவளியை எழுதி வைக்கும் மரபு பழமையானது. ஹரித்துவார், கயா போன்ற தலங்களில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணும் ஏடுகளில், யாத்திரை வந்த குடும்பங்களின் விவரங்கள் உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் ஆண்வழிப் பட்டியல்கள். தாத்தா, தந்தை, மகன் என வரிசை செல்லும். வீட்டை விட்டு வெளியேறிய மகளுக்கோ கைம்பெண்ணுக்கோ அதில் இடம் கிடைப்பது அரிது. காலனி நிர்வாகமோ, பெண்ணையும் தனி ஓர் உழைப்பாளியாகக் கணக்கில் எடுத்தது. ஊர் எழுதாத பெயரைக் கப்பல் எழுதியது.

பெண்களைக் கணக்கெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு 100 ஆண்களுக்கும் குறைந்தது 40 பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கை நிறைவேறாமல் கப்பல்கள் தாமதமானதும் உண்டு. எனவே தனியாக வந்த பெண்களைத் தரகர்கள் தேடித் தேடிச் சேர்த்தனர். கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், கணவரை விட்டு வெளியேறியவர்கள், பஞ்சத்தில் ஊரை இழந்தவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் அவர்களில் இருந்தனர். பின்னாளில் இந்திய மொழிகளின் கணக்கெடுப்பை நடத்திப் புகழ்பெற்ற ஜார்ஜ் கிரியர்சன், வங்காள மாகாணத்தின் குடிபெயர்வு குறித்து 1883-இல் அளித்த அறிக்கையிலும் இத்தகைய பெண்களைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. கல்கத்தாவிலிருந்து கரீபியப் பகுதிக்குச் சென்ற பெண்களில் பெரும்பாலோர் கணவர் துணையின்றியே சென்றனர் என்பதைக் கயூத்ராவின் நூல் விரிவாக எடுத்துரைக்கிறது.

சீட்டு எங்கே கிடைக்கும்?

கல்கத்தாவில் கப்பலேறியவரின் சீட்டைத் தேடிக் கொல்கத்தாவுக்கு வருவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். காரணம் எளிது. சீட்டு பயணியுடனேயே கப்பலில் சென்றது. சென்று சேர்ந்த காலனியில்தான் அது கோப்பில் சேர்க்கப்பட்டது. ஆகவே தேடலின் முதல் படி, குடும்பம் இப்போது வாழும் நாட்டிலோ, முன்னோர் முதலில் இறங்கிய நாட்டிலோ தொடங்க வேண்டும்.

கயானாவில் தலைநகர் ஜார்ஜ்டவுனில் உள்ள வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகம். மொரிஷியஸில் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். டிரினிடாட், பிஜி, சுரினாம் ஆகியவற்றின் தேசிய ஆவணக் காப்பகங்கள் என ஒவ்வொரு நாட்டிலும் ஓர் இடம் உண்டு. சுரினாம் தன் பதிவுகளை இணையத்தில் தேடக்கூடிய தரவுத்தளமாக வெளியிட்டுள்ளது. மொரிஷியஸில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொழிலாளர்களின் புகைப்படங்களும் எடுக்கப்பட்டதால், அங்கு சில குடும்பங்கள் முன்னோரின் முகத்தையே பார்க்க முடிகிறது. பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் அண்ட் டொபாகோ ஆகிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் 2011-இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

கொல்கத்தாவில் என்ன எஞ்சியிருக்கிறது என்றால், மேற்கு வங்க மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ள நிர்வாகக் கோப்புகள் போன்றவையே. புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளிலும் இதே வகைக் கோப்புகள் உள்ளன. தனி நபரின் பெயரை இவற்றில் எதிர்பார்க்க இயலாது; ஆனால் ஒரு கப்பலில் என்ன நடந்தது, எத்தனை பேர் நோயுற்றனர், ஒரு தோட்டத்தில் ஏன் கலகம் மூண்டது போன்ற விவரங்களை இவற்றில் காணலாம்.

கல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த ஐரோப்பியர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. 1767-இல் திறக்கப்பட்ட தெற்கு பார்க் தெரு கல்லறையின் கல்வெட்டுகளும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய தேவாலயப் பதிவேடுகளின் படிகளும் இன்றும் உள்ளன. ஹூக்ளிக்கரை முகாம்களில் சில வாரங்கள் தங்கிச் சென்றவர்களுக்கு அந்த நகரில் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை.

பெயரும் ஊரும் தரும் சிக்கல்

சீட்டு கிடைத்துவிட்டால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் கடினமான பகுதி அப்போதுதான் தொடங்குகிறது.

போஜ்புரி பேசிய பயணி வாய்மொழியாகச் சொன்ன பெயரை, எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினார். ஊர்ப் பெயருக்கும் அதே கதிதான். ஒரே பெயரில் பல சிற்றூர்கள் இருக்கும் பகுதி அது. தாணாவின் பெயர் சரியாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே தேடும் பரப்பு சுருங்கும். வேண்டுமென்றே சாதியையோ பெயரையோ மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. உயர்சாதியினரைத் தோட்ட வேலைக்குத் தகுதியற்றவர்கள் எனத் தரகர்கள் கருதியது அதற்கு ஒரு காரணம்.

மாவட்ட எல்லைகளும் மாறிவிட்டன. சீட்டில் 'ஷாகாபாத்' என்று இருந்தால், அது இன்றைய போஜ்பூர், ரோத்தாஸ், பக்ஸர், கைமூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். சுஜாரியாவின் பகுதியான பழைய சாரண் மாவட்டமும் பின்னர் சாரண், சிவான், கோபால்கஞ்ச் எனப் பிரிந்தது.

தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சென்னையில் கப்பலேறிய ஒருவரின் பதிவில் 'வட ஆற்காடு' என்று இருந்தால், அவர் ஊர் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஒன்றில் இருக்கலாம். 1911-க்கு முந்தைய பதிவு எனில் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியாகவும் இருக்க வாய்ப்புண்டு. சித்தூர் மாவட்டம் அந்த ஆண்டில்தான் உருவானது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகவும், எஞ்சியோர் கல்கத்தா வழியாகவும் சென்றனர். அவர்களின் கப்பல் பட்டியல்கள் டர்பனில் உள்ளன, கணினியிலும் ஏற்றப்பட்டுள்ளன. அங்கு 'கவுண்டர்' என்பது 'கோவெண்டர்' ஆகவும், 'முதலியார்' என்பது 'மூட்லி' ஆகவும் திரிந்து, சாதிப் பட்டமாக இருந்தது குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. மாவட்டப் பெயர் தெரியாமல் பட்டத்தை மட்டும் வைத்துத் தேடுவோர் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவில் சிக்கிக் கொள்கின்றனர்.

பெண்களைத் தேடுவதில் கூடுதல் தடை ஒன்றும் உண்டு. சமயச் சடங்குப்படி நடந்த திருமணங்களைக் காலனி அரசுகள் நெடுங்காலம் ஏற்கவில்லை. இதனால் பல குழந்தைகளின் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயரே இல்லை. தாயின் பெயரும் அவருடைய குடியேற்ற எண்ணுமே உள்ளன. அன்று அவமதிப்பாக இருந்த அந்த நடைமுறை, இன்று தாய்வழியைத் தேடுவோருக்கு நேரடித் தடயமாகப் பயன்படுகிறது.

சுஜாரியாவின் கதையில் பதில் இல்லாத பகுதி

'கிளைட்' கப்பல், நதிகளின் பெயரைத் தன் கப்பல்களுக்குச் சூட்டிய ஜேம்ஸ் நௌர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கயானாவை அடைய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அந்தப் பயணத்தின்போதே சுஜாரியா ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். புறப்படும்போது நான்கு மாதம் என்பதால், அது குறைமாதப் பிரசவம். கடலில் பிறந்து பிழைத்த அந்தக் குழந்தைதான் கயூத்ராவின் தாத்தா.

கயூத்ரா சீட்டில் இருந்த ஊரைத் தேடிப் பீகாருக்கும் சென்றார். ஆனால் ஒரு கேள்விக்கு ஆவணம் எதுவும் விடை தரவில்லை. கர்ப்பிணியான ஒரு பிராமணப் பெண் ஏன் தனியாகக் கல்கத்தாவுக்கு வந்தார்? கைம்பெண்ணா, கைவிடப்பட்டவரா, தப்பி வந்தவரா, ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவரா? குடிபெயர்வுச் சீட்டில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. காரணத்துக்குக் கட்டம் இல்லை. கயூத்ராவும் ஊகத்தை உண்மையாக எழுதாமல், அந்த இடத்தைக் கேள்விகளாகவே விட்டுவிடுகிறார். அந்நூலின் நேர்மை அதில்தான் இருக்கிறது. வம்சாவளித் தேடலில் ஈடுபடும் பலர், இடைவெளி வரும் இடத்தில் அழகான கதை ஒன்றைச் செருகிவிடுவதே வழக்கம்.

நூலின் தலைப்பில் உள்ள 'கூலி' என்ற சொல்லும் கவனத்துக்குரியது. அதன் வேர் குறித்து ஆய்வாளர்களிடையே மாறுபட்ட கருத்துகள் உள்ளன. தமிழில் அது உழைப்புக்கான ஊதியத்தைக் குறிக்கிறது. காலனிகளில் அதுவே ஆளைக் குறிக்கும் இழிசொல்லாயிற்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியது, அந்தத் தோட்டங்கள் இயங்கிக் கொண்டிருந்த காலத்திலேயே ஆகும்.

ஆவணத்தின் இன்றைய மதிப்பு

முன்னோரின் சீட்டு இப்போது வெறும் நினைவுப் பொருள் அல்ல. இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை அட்டையான ஓசிஐ, வழக்கமாகக் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரையிலான தலைமுறைக்கே கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அந்த எல்லையைக் கடந்துவிட்டனர். இதனால் சுரினாம் மக்களுக்கு ஆறாம் தலைமுறை வரை இத்தகுதி நீட்டிக்கப்படும் எனக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2023-இல் அங்குச் சென்றபோது அறிவித்தார். 2024 மார்ச்சில் மொரிஷியஸ் மக்களுக்கு ஏழாம் தலைமுறை வரை நீட்டிக்கும் அறிவிப்பும், 2025 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடியின் பயணத்தின்போது டிரினிடாட் அண்ட் டொபாகோ மக்களுக்கு ஆறாம் தலைமுறை வரை நீட்டிக்கும் அறிவிப்பும் வெளியாயின. அட்டை பெற விரும்புவோர் வம்சத் தொடர்பை ஆவணத்தால் நிறுவ வேண்டும்.

டிரினிடாட் பிரதமர் கம்லா பெர்சாத்-பிசேசரின் குடும்பம் இத்தகைய தேடலுக்கு அறியப்பட்ட மற்றோர் எடுத்துக்காட்டு. அவருடைய கொள்ளுத் தாத்தா ராம் லக்கன் மிஸ்ரா பீகாரின் பக்ஸர் மாவட்டம் பேலுப்பூர் கிராமத்தைச் சேர்ந்தவர். ஊர் கண்டறியப்பட்ட பின், முதல் முறை பிரதமராக இருந்த கம்லா 2012 ஜனவரியில் அங்கு நேரில் சென்றார்.

இலங்கையின் மலையகத் தமிழர்களுக்கும் மலேசியத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்கும் இவ்வாறான சீட்டு கிடைப்பதில்லை. அவர்களின் முன்னோர் பெரும்பாலும் கங்காணி முறையில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள். கங்காணி தன் ஊர், உறவு வட்டத்திலேயே ஆள் சேர்த்ததால், ஒவ்வொருவருக்கும் கல்கத்தாவில் நிரப்பப்பட்டதைப் போன்ற விரிவான தாள் எழுதப்படவில்லை. அதன் விளைவு கசப்பானது. 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ அந்நாட்டில் பிறந்ததை நிறுவுமாறு கேட்டபோது, பல லட்சம் பேரிடம் காட்ட ஆவணம் இல்லை. அவர்கள் நாடற்றவர்களாயினர். 1964-இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீரப் பல பதிற்றாண்டுகள் ஆயின. 2003-இல்தான் இலங்கை நாடாளுமன்றம் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

தேடலை எங்குத் தொடங்குவது?

வீட்டிலிருந்தே தொடங்குவது நல்லது என்பது இத்துறையில் ஈடுபடுவோரின் அனுபவம். மூத்தவர்கள் சொல்லும் கப்பல் பெயர், இறங்கிய ஆண்டு, வேலை செய்த தோட்டத்தின் பெயர் ஆகிய மூன்றில் ஒன்று கிடைத்தாலும் பதிவேட்டை அணுக முடியும். பாட்டி, தாத்தாவின் பிறப்பு அல்லது இறப்புச் சான்றிதழில் குடியேற்ற எண் குறிக்கப்பட்டிருக்கலாம். அந்த எண்தான் சீட்டுக்கான திறவுகோல். சீட்டைக் கண்ட பின்னர், ஜில்லாவும் தாணாவும் இன்று எந்த மாவட்டத்தில் வருகின்றன எனப் பழைய வரைபடங்களுடன் ஒப்பிட வேண்டும். மரபணுச் சோதனை பரந்த பகுதியைக் காட்டுமே அன்றிக் கிராமத்தைக் காட்டாது.

கொல்கத்தாவில் குடிபெயர்ந்தோர் நினைவாக 2011-இல் நினைவுப் பலகை ஒன்று நிறுவப்பட்டது. 2015 அக்டோபரில் சுரினாம் காட்டில் 'மாய்-பாப்' சிலையை அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் திறந்து வைத்தார். சுரினாம் தலைநகர் பராமரிபோவில் உள்ள சிலையை ஒட்டி அமைக்கப்பட்ட அதில், மூட்டையுடன் ஓர் ஆணும் அவன் அருகே ஒரு பெண்ணும் நிற்கின்றனர். சுஜாரியா அந்த ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டபோது அவர் அருகே அப்படி எவரும் இல்லை.